பூம்புகார்க் கணக்கரும் பச்சையப்பர் மரணசாஸனமும்

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரிலே திருவெண்காடர் என்னும் பெருவணிகர் வாழ்ந்தார் என்றும், அவரே பின்னர்த் துறவு பூண்டு பட்டினத்தடிகள் எனப் பெயர் பெற்றார் என்றும் நம்மவர் வழிவழியாகக் கேட்டு வருகின்றனர். காதற்ற ஊசியும் ஓலை நறுக்கும் அவரைத் துறவியாக்கிய கதையை அறியாதார் நம் வீடுகளில் இலர். ஆயினும் அக்கதையின் பிற்பகுதியை நம்மிற் பலர் கருதிப் பார்ப்பதில்லை. வீடு துறந்த வணிகர் தம் பண்டசாலையையும் பெட்டகத்தையும் என் செய்தார்? தம் கணக்கராயிருந்த சேந்தனாரிடம் பொருளனைத்தையும் வறியவர்க்கு வழங்கிவிடுமாறு வாய்மொழியாகச் சொல்லிப் போயினார் என்பது கதை. சேந்தனார் அவ்வாறே பண்டசாலையைத் திறந்துவிட்டார். சுற்றத்தார் பொறுப்பரோ? முதலாளியின் பொருளைக் கணக்கன் சூறைவிடுகின்றான் எனச் சோழனிடம் சென்று முறையிட்டனர். சேந்தனார் சிறைப்பட்டார், அடிகளின் அருளாலேயே பின்னர்ச் சிறை நீங்கினார்.

பட்டினத்தார் என்னும் பெயருடையார் ஒருவரினும் மிக்கார் என்றும், சேந்தனார் பற்றிய செய்திகளும் அவ்வாறே கலந்துபட்டன என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். அவ்வாராய்ச்சியில் ஈண்டு நாம் புகவில்லை. கதையாகவே கொள்ளினும் அதனுள் ஒரு வழக்கு இருக்கின்றது. சேந்தனார் செய்தது முதலாளி சொன்னதே. அவர்க்கு அதிகாரம் இருந்தது. அவ்வதிகாரத்தைக் காட்ட அவர் கையில் ஓரோலையும் இல்லை. உறவினர் கேட்டது நியாயமில்லாத கேள்வியும் அன்று. கணக்கன் ஒருவன் பண்டசாலையை வாரி இறைக்கக் கண்டவர் வேறென்ன நினைப்பர்? தெய்வத்தருள் வந்து விடுவித்த வழக்கு அது. அவ்வருள் வாய்க்கப் பெறாத நம் குடும்பங்களில், தம்பிக்கு விட்ட நிலமும், மைத்துனனிடம் ஒப்புவித்த கடையும், இறக்கும் தறுவாயில் தந்தை சொன்ன சொல்லும் இன்றும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகின்றன. ஆதலின் முக்தியார்நாமா எனவும் மரணசாஸனம் எனவும் வழங்கும் இருவகைப் பத்திரங்கள் நம் காவிரி நாட்டில் வளர்ந்த வரலாற்றை நம் சங்கத்தார் அறிதல் நலமென எண்ணி இதனை எழுதத் துணிந்தோம். பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லும் நாம் சட்டம் பயின்றவரல்லேம்; வரலாறாக அறிந்ததையே சொல்லுவோம்.

முதலிற் கருதவேண்டுவது, நம் முன்னோர்க்கு மரணசாஸனம் என்பதொன்று வேண்டப்படவில்லை என்பதே. நிலம் குடும்பத்துக்கு உரியது. மகன் பிறந்த அன்றே அதிற் பங்குடையவனாகின்றான். தான் இறந்தபின் இன்னார்க்கு இது சேர்க என்று எழுத ஒருவனுக்குப் பொருள் ஏது? அறம் செய்ய விரும்பினவன் உயிரோடிருக்கும்போதே செய்தான். செய்ததைக் கல்லிலே வெட்டுவித்தான். சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களில் நந்தாவிளக்கு ஒன்றெரிக்கத் தொண்ணூற்றாறு ஆடு விட்ட செய்தியைப் பலவிடத்துங் காணலாம். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதோ, மூக்காதோ எனின், ஆட்டை ஏற்ற இடையன் தன் காலத்தும் தன் மக்கள் காலத்தும் அத்தொகை குறையாது காத்து, நாள்தோறும் அளவுபட்ட நெய்யைக் கொடுத்து வரவேண்டும் என்பது கருத்து. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் இவ்வாறு விளக்குக்கு விட்ட ஆடுகளை ஏற்ற இடையர் பெயர்களும், அவர்க்குப் பொறுப்பான உறவினர் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. கொடுத்தவன் இறக்கலாம், ஏற்றவனும் இறக்கலாம், ஆடு சாவதில்லை. இத்துணைச் செறிவாக ஒரு பொறுப்பைச் சொல்லிய சொற்றொடர் இக்காலத்துச் சட்டப் புத்தகங்களில் உண்டோ என ஐயுறுகின்றோம்.

உயிரோடிருக்கையிற் கொடுத்த கொடைக்கு ஊரே சாட்சியாய் நின்றது. இறக்கும்போது வாயாற் சொன்ன சொல்லுக்கு அத்தகைய காவல் இல்லை. அதனை அரசர் வீட்டிலேயே காண்கின்றோம். தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாஜி தமக்கு மகனின்மையால் 1787-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒன்பது வயதுச் சிறுவராகிய சரபோஜியை மகவேற்பாகக் கொண்டார். மரணம் அணித்தாயிற்று என்று கண்டு, கிறிஸ்துவப் பாதிரியாராகிய சுவார்ட்ஸ் என்பவரை வரவழைத்துச் சிறுவனைக் காக்கும் பொறுப்பை ஏற்குமாறு வேண்டினார். பாதிரியார், அரசரின் சகோதரர் அமரசிங்கர் இருக்க அந்நியராகிய தாம் ஏற்பது தகாது எனக் கருதி, அப்பொறுப்பை அமரசிங்கர்க்கே அளிக்கச் சொன்னார். அவ்வாறே செய்யப்பட்டது. அம்மாத இறுதியில் துளஜாஜி காலமானார். பின்னர் நிகழ்ந்தது என்ன? மகவேற்பு சாஸ்திரத்துக்கு இசையாதது என்னும் வாதம் எழுந்தது; பண்டிதர் சிலர் அவ்வாறே கருத்துரைத்தனர்; சென்னைக் கும்பினியார் அதனை ஏற்று அமரசிங்கரையே மன்னராக்கினர். காக்க வந்தவர் உரியவராகிவிட்டார்.

சிறுவர்க்கு இன்னல்கள் நேர்ந்தமை கண்டு சுவார்ட்ஸ் பாதிரியார் பிறகு அவரைத் தம் பாதுகாப்பிற் கொண்டு சென்னைக்கும் அழைத்துச் சென்று கல்வி பயிற்றுவித்தார். காசிப் பண்டிதரை வினவியபோது மகவேற்பு செல்லும் என்று விடை வந்தது. 1798-ஆம் ஆண்டில் அமரசிங்கர் நீக்கப்பட்டுச் சரபோஜி பட்டம் பெற்றார். அதனைக் காணப் பாதிரியார் இல்லை. அவர் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். ஓராண்டு கழித்து, 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. பதினோராண்டு வழக்கின் முடிவில் உரியவர் கைக்கு வந்தவை கோட்டையும் உபகாரத் தொகையும் சரசுவதி மகாலுமே என்னலாம். நீக்கப்பட்ட அமரசிங்கர் தங்கியது திருவிடைமருதூரில். பட்டினத்தார்க்கு மகவாக வந்த மருதவாணர் கதையும் அவ்வூரையே சார்ந்தது என்பது நினைக்குந்தோறும் வியப்பே.

அமரசிங்கர் ஆண்ட அந்நாளில் அவரோடு கொடுக்கல் வாங்கல் உடையவராய்க் காவிரி நாட்டிலே வாழ்ந்த ஒருவர், தமிழ்நாட்டில் மரணசாஸனம் என்னும் சொல்லுக்கே புதுப்பொருள் தந்தார். அவரே பச்சையப்ப முதலியார். 1754-இற் பிறந்தவர். தந்தையார் அவர் பிறக்குமுன்னரே இறந்துவிட்டார். ஆதரவற்ற தாயார் மக்களோடு சென்னைக்கு வந்து பவுணி நாராயண பிள்ளை என்னும் துபாஷியாரை அடைந்தார்; அப்பெரியார் பச்சையப்பரைத் தம் மகன்போல வளர்த்து ஆங்கிலமும் வாணிகமும் கற்பித்தார். துபாஷி என்பது இருமொழி வல்லான் என்று பொருள்படுவது. ஆங்கில வணிகர்க்குப் பேச்சாளாகவும் கணக்காளாகவும் பணம் வாங்கிக் கொடுக்கும் கையாளாகவும் இருத்தல் அவன் தொழில். பிறரொருவரின் அதிகாரத்தைத் தன் கையிற் கொண்டு பிழைப்பதே அது. இக்காலத்து முக்தியார் என்பவனின் பாட்டன் துபாஷி என்று சொன்னால் பிழையாகாது. பச்சையப்பர் அத்தொழிலால் இளமையிலேயே பெரும்பொருள் ஈட்டினார். தஞ்சைப் பக்கம் வந்து தங்கிக் கோயில்களுக்கும் அன்ன சத்திரங்களுக்கும் வாரி வழங்கினார். சிதம்பரத்தில் அவர் தொண்டு பெரிது.

நாற்பதாம் வயதில் நோய் முற்றிற்று. 1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் தேதி அவர் தம் மரணசாஸனத்தை எழுதுவித்தார். தம் பொருளைக் கோயில் வழிபாடு முதலிய அறங்களுக்கு உரியதாக்கி, நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளைக்கு விட்டார். ஒன்பது நாள் கழித்து, மார்ச்சு 31-இல், காவிரிக்கரையிலுள்ள திருவையாற்றிலே உயிர் நீத்தார். இந்துக்களில் ஒருவர் ஆங்கிலேயர் வழக்கிற்கேற்பத் தம் பொருளை அறத்துக்கென எழுதிவைத்த சாஸனங்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று என்பர்.

நேயர்கள் ஒன்பது நாள் என்பதைக் கருதுக. பத்தாம் நாள்வரை தள்ளிப்போட்டிருந்தால் இந்நாட்டில் அவர் பெயர் ஏது?

ஆயினும் எழுதியதனாலேயே எல்லாம் ஆகிவிடவில்லை. பச்சையப்பர் பொருளுக்கு உறவினரும் பிறரும் உரிமை பேசினர். பணம் பலர் கையிற் சிதறிக் கிடந்தது. அறம் நடைபெறவில்லை, வழக்குக்கள் நடைபெற்றன. சென்னையில் அப்போது ஆங்கில அரசர் பெயரால் நீதி வழங்கிய மன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. 1801-இல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது. அங்கேயும் ஆண்டுகள் பல கழிந்தன. சாஸனம் இருக்கின்றது, அதனை எடுத்துப் பேசுவார் இல்லை. இறுதியில் சென்னை அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்பார் இதனைத் தம் கடமையாகக் கைக்கொண்டார். அறத்துக்கென எழுதிய பொருளைக் கேட்பார் எவருமில்லையேல், பொதுமக்கள் சார்பில் அரசின் வழக்கறிஞரே கேட்கலாம் என்பது ஆங்கில நீதிமுறை. நம் கல்வெட்டுக்களின் இறுதியில் 'பன்மாகேசுவர ரட்சை' என்று எழுதுவார்களே, அடியார் அனைவரும் இவ்வறத்துக்குக் காவல் என்று, அதனையே வேறு வழியாற் செய்தது எனலாம்.

1841-இல் முடிவு ஏற்பட்டது. நாற்பத்தேழு ஆண்டு! முதலும் வட்டியுமாய்ப் பெருகிய பொருளில், சாஸனத்திற் கண்ட தெய்வப் பணிகளுக்கு வேண்டியது ஒதுக்கப்பட்டது. அதன்மேல் எஞ்சிய பெருந்தொகையை வீணாக்காமல் கல்விக்கு ஆக்குவது எனத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி 1842-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று சென்னைப் பிராட்வேயில் ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பெற்றது. பாதிரிமார் பொருளாலும் அரசினர் பொருளாலுமன்றி, இந்நாட்டார் ஒருவர் பொருளால் தென்னாட்டில் எழுந்த முதல் ஆங்கிலப் பள்ளி அதுவே. 1850-இல் எஸ்பிளனேடில் தூண்கள் நிறைந்த கட்டடத்துக்கு மாறியது, 1889-இற் கல்லூரியாயிற்று, 1940-இற் சேத்துப்பட்டுக்குச் சென்றது. திருவையாற்றில் இறந்தவர் கனவிலும் கண்டிராத கட்டடங்கள் இவை. காவிரிக்கரைச் சிறுவர் எத்துணையோ பேர் அங்கே படித்துப் பட்டம் பெற்றிருக்கின்றனர்.

பச்சையப்பர் சாஸனத்துக்குக் கிடைத்த இப்பேறு பிறர் சாஸனங்களுக்கு எளிதிற் கிடைக்கவில்லை. சென்னை நகரின் வெளியே, நம் தஞ்சை ஜில்லாவிலே, இந்து ஒருவர் எழுதிய மரணசாஸனம் செல்லுமா என்பதே நெடுநாள் ஐயமாயிருந்தது. 1829-ஆம் ஆண்டுச் சென்னை ரெகுலேஷன் ஒன்று, இந்து தர்மசாஸ்திரத்துக்கு இசைந்த அளவுக்கே அத்தகைய சாஸனம் செல்லும் என்றது. சாஸ்திரத்திலோ சாஸனம் என்ற பேச்சே இல்லை! 1863-இல் வல்லிநாயகம் பிள்ளை வழக்கிலே சென்னை உயர்நீதிமன்றம் இந்துவுக்கு மரணசாஸனம் எழுதும் உரிமை உண்டு என ஏற்றது. உயிரோடிருக்கையில் ஒருவன் தானமாகக் கொடுக்கத் தக்கது எதுவோ அதனையே சாஸனத்தாலும் கொடுக்கலாம் என்பது நிலைபெற்றது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்று விதித்தது சென்னை நகரத்துக்கே. நம் ஊர்களில் 1926-ஆம் ஆண்டின் இறுதிவரை வாய்ச்சொல்லும் சாஸனமாகச் செல்லும். சேந்தனார் காலத்து நிலை அவ்வளவு அண்மைவரை நீடித்தது என்க. 1927 ஜனவரி முதல் தேதியிலிருந்து எழுதும் சாஸனங்கள் யாவும் எங்கெழுதப்படினும் எழுத்தில் இருத்தல் வேண்டும். இருவர்க்குக் குறையாத சாட்சிகள் கையொப்பமிடுதல் வேண்டும்.

கூட்டுக்குடும்பத்திற் பிரியாதிருப்பவன் தன் பங்கைச் சாஸனத்தால் எழுத இயலாது என்ற பழைய தடையும் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டத்தால் நீங்கியது. இதனால் நேர்ந்த நன்மை பெரும்பாலும் பெண்மக்களைச் சார்ந்தது. 1937-க்கு முன்னர்ப் பிரியாத குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்கு ஜீவனாம்சமே உண்டு, பங்கு இல்லை. மகளுக்குச் சீரும் செனத்தியும் கொடுத்தாயிற்று என்று முடிப்பர். மகளும் பிறப்பாற் பங்குடையவள் என்பதை நம் தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இலும், இந்தியச் சட்டம் 2005-இலும் ஏற்றன. சட்டம் கொடுத்ததை அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்திற் கையொப்பம் வாங்கித் திருப்பிக்கொள்வதை நாம் காணாமலில்லை. அதைப்பற்றி வேறொரு முறை எழுதல் தகும்.

இனி முக்தியார்நாமாவைப் பற்றிச் சிறிது. இதிலும் பூம்புகார்க்கு உறவுண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்து பின்னர்ப் பாண்டி நாடு சென்றனர் என்று தம் மரபு கூறுவர். அவர் பர்மா, மலாயா, சைகோன் முதலிய இடங்களிற் கொண்டுவிற்கச் சென்ற காலத்தில், முதலாளி ஊரிலேயே இருப்பார். கடையை ஏஜண்டு நடத்துவார். மூன்றாண்டுக் கணக்கு என்று வரையறை. சம்பளச் சீட்டு எழுதிக்கொள்வர். அதிகாரம் முழுதும் பத்திரத்தால் அவர்க்கு வழங்கப்படும். கடன் கொடுக்கவும், வழக்கிடவும், நிலத்தை எழுதி வாங்கவும் முதலாளியின் விலாசத்தை இட்டு அவரே கையொப்பம் இடுவார். தவணை முடிந்ததும் அடுத்தவரிடம் கணக்கொப்புவித்து ஊர் திரும்புவார். 1930-ஐ அடுத்த விலைவீழ்ச்சியின் பின்னர்க் கீழ்ப்பர்மாவின் நெல்வயலிற் கால்பங்கு வரை நகரத்தார் கைக்கு வந்ததெனில், அவ்வளவு நிலமும் இத்தகைய அதிகாரப் பத்திரங்களின்மேல் நடந்த நிலமே. சேந்தனார்க்கு இல்லாத ஓலை இவ்வேஜண்டுகள் ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. அதில் தவணையும் இருந்தது. இவ்விரண்டாவதே நம்மவர் மறப்பது.

சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற நம் பிள்ளைகள் ஊரிலுள்ள நிலத்துக்கு அண்ணனுக்கோ மாமனுக்கோ பொது அதிகாரம் எழுதி அனுப்பிவிட்டுப் பத்தாண்டு திரும்பிப் பாராதிருக்கின்றனர். விற்கவும் அடமானம் வைக்கவும் அதில் அதிகாரம் இருந்தால் அது எழுதியவர் கையையே வெட்டிக் கொடுத்தது போலும். வேண்டியது குத்தகை வசூலா, பட்டா மாற்றமா, வழக்கு நடத்துவதா என்று கருதி, அவ்வளவே எழுதுவித்தல் தகும். வெளிநாட்டில் எழுதுவோர் அங்குள்ள நோட்டரி முன்னோ இந்தியத் தூதரக அலுவலர் முன்னோ கையொப்பமிட வேண்டும். பத்திரம் இந்தியாவிற்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் செலுத்தப்பட வேண்டும். பவர் எழுதி வாங்கிக்கொண்டதையே கிரயம் என்று எண்ணி முழுப் பணத்தையும் கொடுத்தவர் நம் ஊர்களில் உளர். அது கிரயமாகாது என்று உச்சநீதிமன்றம் 2011-இல் தெளிவாகக் கூறிவிட்டது.

இவ்விரு பத்திரங்களும் ஒன்றற்கொன்று எதிரான காலத்தில் உயிருடையவை. அதிகாரப் பத்திரம் எழுதியவர் உயிர் நீங்கிய அந்நொடியே முடிகின்றது. அவர் அறிவு கலங்கினாலும் முடிகின்றது. முகவர்க்கே அப்பொருளில் ஓர் உரிமை இருப்பின் மட்டும் விதிவிலக்கு உண்டு. மரணசாஸனமோ அந்நொடியிலேதான் பேசத் தொடங்குகின்றது. அதுவரையில் எழுதியவர் அதனை எத்துணை முறையும் மாற்றலாம், கிழிக்கலாம். தந்தை இறந்த பின்னர்த் தந்தை கொடுத்த பவரைக் கொண்டு விற்ற நிலங்களால் எழும் வழக்குக்களுக்குக் காரணம் இவ்வேற்றுமை அறியாமையே. தந்தை உயிரோடிருக்கும்போதே சாஸனத்தைக் காட்டி நிலத்தைக் கேட்கும் பிள்ளைகளும் உளர். அவர்க்கு என் சொல்வது!

மரணசாஸனம் எழுதினால் மரணம் வந்துவிடும் என்று நம் வீடுகளில் ஓரச்சம் உண்டு. பேச்செடுத்தாலே பெரியோர் முகம் சுளிப்பர், அபசகுனம் என்பர். பச்சையப்பர் எழுதி ஒன்பது நாளில் இறந்தார் என்பதை அதற்குச் சான்றாகவும் கொள்வார் போலும். அவர் இறந்தது நோயால். ஆண்டுதோறும் திதி கொடுப்பதற்கு அஞ்சாத நாம், அத்திதி எவர் பொருளிற் கொடுக்கப்படும் என்று எழுத அஞ்சுவது என்னையோ?

எழுதும் முறை எளிதே. முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் தெளிந்த அறிவோடு கையொப்பமோ கைநாட்டோ இடவேண்டும். சாட்சிகள் அதனைக் கண்டோ, அவர் ஒப்பியதைக் கேட்டோ, அவர் முன்னிலையிலே தத்தம் கையொப்பத்தை இடவேண்டும். பின்னர் வழக்கு நேர்ந்தால் சாட்சிகளில் உயிரோடிருக்கும் ஒருவரையேனும் மன்றத்துக்கு அழைத்து மெய்ப்பிக்க வேண்டுமாதலின், மரியாதைக்காக எழுதுபவரினும் மூத்த கிழவரிருவரைச் சாட்சிவைக்கும் நம் வழக்கம் நல்லதன்று. நிறைவேற்றுபவர் ஒருவரைப் பெயர் சுட்டுதலும், அவர் இலராயின் இன்னார் என்று இரண்டாவதொருவரைச் சுட்டுதலும் நன்று. பச்சையப்பர்க்கு ஒரு நாராயண பிள்ளையே இருந்தார்.

சாஸனத்தைப் பதிவு செய்தல் கட்டாயமன்று, செய்தல் நலம். எக்காலத்தும் பதிவு செய்யலாம். உள்ளே என்ன எழுதியிருக்கின்றது என்பதைத் தம் வாழ்நாளிற் பிறர் அறிதல் வேண்டா எனக் கருதுவோர்க்கும் வழியுண்டு. சாஸனத்தை உறையிலிட்டு முத்திரை வைத்து, மேலே தம் பெயரும் உள்ளிருப்பது சாஸனம் என்பதும் எழுதி, ஜில்லா ரிஜிஸ்திராரிடம் ஒப்படைத்து வைக்கலாம். வேண்டும்போது எழுதியவரே திரும்பப் பெறலாம். அவர் இறந்தபின் உரியவர் விண்ணப்பித்தால், ரிஜிஸ்திரார் அவர் முன்னிலையில் உறையைத் திறந்து, படியைத் தம் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மூலத்தைத் தம்மிடமே வைத்திருப்பார். அவ்வாறு ஓருறை அங்கிருக்கின்றது என்பதை மட்டும் வீட்டில் மனைவிக்கேனும் மகளுக்கேனும் சொல்லிவைத்தல் வேண்டும். விண்ணப்பிப்பார் இல்லையேல் அவ்வலுவலகம் தானாகத் தேடி வந்து சொல்லாது.